லிண்டன் மரத்தின் மேல் ஒரு நடனம்

கோதேயின் 'பௌஸ்ட்' நாடகத்தைப் படித்தவர்களுக்கு, 1808ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பாகத்தில், நகர வாயிலுக்கு வெளியே நிகழும் காட்சி நினைவிருக்கும். உயிர்த்த ஞாயிறு. குளிர்காலம் விலகி வெயில் எட்டிப் பார்க்கும் நாள். நகரத்து மக்கள் கூட்டங் கூட்டமாக வயல்வெளியை நோக்கி உலாவப் புறப்படுகிறார்கள். கலாநிதி பௌஸ்டும் தம் உதவியாளன் வாக்னருடன் நடந்து வருகிறார். வழியில் ஒரு கிராமம். அங்கே ஒரு லிண்டன் மரம். மரத்தடியில் குடியானவர்கள் பாடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

பௌஸ்டுக்கு அந்தக் கூட்டத்தின் மகிழ்ச்சி பிடித்திருக்கிறது. அங்கே தாமும் ஒரு மனிதனாக இருக்க முடிகிறது என்று உணர்கிறார். வாக்னரோ முகஞ் சுளிக்கிறான். பிடிலின் கீச்சொலியும், குடியானவர்களின் கூச்சலும், உருட்டு விளையாட்டின் சத்தமும் அவனுக்கு ஒத்துவரவில்லை. பேய் பிடித்தவர்கள் போல் ஆடிவிட்டு இதையா இன்பம் என்கிறார்கள், இதையா பாட்டு என்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறான். அவன் நூல்களை நேசிப்பவன். நூல்களுக்கு வெளியே உள்ளவை அவனுக்கு வெறும் இரைச்சல்.

இக்காட்சியைப் படித்த போதெல்லாம் நான் பௌஸ்டின் பக்கம் நிற்பவன் என்றே நினைத்திருந்தேன். அப்படியல்ல, நீ வாக்னரின் ஆள்தான் என்று எனக்கு உணர்த்தியவர் ஒரு ஜேர்மானிய மூதாட்டி. கோதேயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு கிராமத்துத் திருவிழாவில் என் பக்கத்தில் வாங்கில் அமர்ந்திருந்தார், அவ்வளவுதான். அந்தத் திருவிழாவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஜேர்மனியின் தென்பகுதியில், பவேரியா மாநிலத்துக்குள், பிராங்கோனியா என்றொரு நிலப்பரப்பு உண்டு. அதன் வடபகுதியிலே துர்னாவ் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு கிராமம் லிம்மர்ஸ்டோர்ப். பைரொய்த் நகரிலிருந்து அதிக தூரமில்லை. பைரொய்த் என்றதும் இசை நாடகங்கள் இயற்றிய வாக்னர் சிலருக்கு நினைவில் வரலாம். அவர் வேறு, கோதேயின் வாக்னர் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஓகஸ்ட் மாதத்தில், நூரன்பேர்க்கில் வாழும் நண்பர் ஒருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். "கேர்வாவுக்குப் போகிறோம்" என்று மட்டுமே சொன்னார்.

கேர்வா என்பது பிராங்கோனியரின் பேச்சு வழக்கு. எழுத்து வழக்கில் 'கிர்ஹ்வை' என்பார்கள். 'கிர்ஹ' என்றால் தேவாலயம். 'வை' என்றால் அருச்சிப்பு. ஒரு தேவாலயம் இறைவனுக்கென்று அருச்சிக்கப்பட்ட நாளின் ஆண்டு நினைவே கிர்ஹ்வை. நமது கோயில்களில் கும்பாபிஷேக தினத்தைக் கொண்டாடுகிறோமே, ஏறக்குறைய அத்தகையது. ஊருக்கு ஊர் பெயர் மாறும். றைன் நதிப் பக்கம் கிர்மெஸ் என்பர்; ஹெஸ்ஸனில் கேர்ப்; பழைய பவேரியாவில் கிர்ட்டா; சுவிற்சர்லாந்தில் கில்பி. நெதர்லாந்து ஓவியங்களில் 'கேர்மிஸ்' என்ற தலைப்பைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுவே.

ஒரு கட்டிடத்தின் பிறந்தநாள் எப்படி ஊர் முழுவதன் திருநாளாயிற்று? பழைய காலத்துக் கிராமத்தில் கல்லாலான பெரிய கட்டிடம் தேவாலயம் ஒன்றே. அதன் மணி பொழுதைச் சொன்னது, நெருப்புப் பிடித்தால் அறிவித்தது, இறந்தவருக்காக ஒலித்தது. அதைச் சுற்றியுள்ள நிலத்திலேயே முன்னோர் துயின்றனர். அத்தகைய இடத்தின் பிறந்தநாள் ஊரின் பிறந்தநாளாகவே கருதப்பட்டது. அறுவடை ஓய்ந்த காலமாயிருந்தால் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். அயலூர்களுக்கு மணமுடித்துப் போன பெண்கள் பிள்ளைகளுடன் தாய்வீட்டுக்கு வருவார்கள். பண்ணையில் வேலை செய்வோருக்கு ஓய்வு கிடைக்கும். இளைஞரும் யுவதிகளும் ஊரார் கண்முன்னே கைகோத்து நிற்கக் கிடைத்த அரிய தருணமும் இதுவே.

திருநாளன்று தேவாலயத்தில் வாசிக்கப்படும் வேதப்பகுதி, லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் உள்ள சகேயுவின் கதை. சகேயு வரி வசூலிப்பவன், பணக்காரன், ஊரார் வெறுக்கும் மனிதன், உருவத்திலும் குள்ளன். யேசு அவ்வழியே வருகிறார் என்று கேள்விப்பட்டு, கூட்டத்துக்கு மேலால் அவரைப் பார்ப்பதற்காக ஒரு காட்டத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறான். யேசு அண்ணாந்து பார்த்து, சீக்கிரம் இறங்கி வா, இன்று உன் வீட்டிலே நான் தங்கவேண்டும் என்கிறார். இறைவன் ஒரு வீட்டுக்குள் புகுந்த கதை என்பதால் அருச்சிப்பு நாளுக்கு இது பொருத்தமாயிற்று. பவேரியாவின் கத்தோலிக்கக் கிராமங்களில் அந்நாட்களில் தேவாலயக் கோபுரத்தில் செந்நிறத்தில் வெண்சிலுவை பொறித்த கொடியொன்று பறக்கும். அந்தக் கொடிக்கே மக்கள் சகேயு என்று பெயர் வைத்துவிட்டார்கள்! கோபுரத்தில் ஏறி நின்று ஊரைப் பார்க்கிறானல்லவா?

ஆனால் வழிபாடு முடிந்ததும் கூட்டம் நேரே சத்திரத்துக்குப் போய்விடும். அதுதான் பிரச்சினை. நூரன்பேர்க் ஓவியர் ஹான்ஸ் சேபால்ட் பேஹாம் 1535ஆம் ஆண்டளவில் செதுக்கிய மர அச்சோவியம் ஒன்று இத்திருவிழாவைக் காட்டுகிறது. தேவாலய வாசலில் ஒரு திருமணம் நடக்கிறது. சத்திரத்தின் முன்னே குடிக்கிறார்கள். ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். பல் பிடுங்குபவன் தன் தொழிலைச் செய்கிறான். வாளை உருவிச் சண்டையும் பிடிக்கிறார்கள். ஒரே தாளில் இத்தனையும்.

இந்தக் காட்சியைக் கண்டு சினந்தவர்களில் முதன்மையானவர் மார்ட்டின் லூதர். 1520ஆம் ஆண்டில் ஜேர்மானியக் கிறிஸ்தவப் பிரபுக்களுக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற நூலில், கிர்ஹ்வை விழாக்களை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று கேட்கிறார். அவை குடிக்கும் இடமாகவும் சந்தையாகவும் சூதாடும் களமாகவும் மாறிவிட்டன என்பது அவர் வாதம். இதைச் சொன்னவர் பகைவர் அல்லர். இன்று இத்திருநாளைக் கொண்டாடும் புரட்டஸ்தாந்துக் கிராமங்கள் தமது ஞானத்தந்தையாகக் கொள்ளும் அதே லூதர்.

அரசர்களுக்கு வேறொரு கவலை. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நாள் என்றால், இன்று என் ஊர், அடுத்த வாரம் அயலூர் என்று மக்கள் மாதக்கணக்கில் விருந்தாடுவார்கள், வேலை நடக்காது. ஆகவே ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1786இல், தமது ஆட்சிப் பரப்பில் எல்லாத் தேவாலயங்களும் ஒக்டோபர் மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையிலேயே விழா எடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 19ஆம் நூற்றாண்டில் பவேரியாவிலும் அதே நாள் பொது நாளாக்கப்பட்டது. கிராமத்தவர் என்ன செய்தார்கள்? அரசரின் நாளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பல ஊர்களில் தமது பழைய நாளையும் விடவில்லை. ஒரு விழாவைக் குறைக்கப் போய் அங்கே இரண்டு விழாக்கள் ஆகிவிட்டன.

சீர்திருத்தவாதியும் பேரரசரும் அசைக்க முடியாத இவ்விழா எதனால் நிலைத்தது? இதற்கு விடை, விழாவின் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம். வழிபாடு குருவின் பொறுப்பு. மற்ற அனைத்தும் ஊரிலுள்ள மணமாகாத இளைஞரின் பொறுப்பு. மரம் கொண்டுவருவது, மேடை கட்டுவது, வாத்தியக்காரரை அழைப்பது, செலவுக்குப் பணம் திரட்டுவது எல்லாம் அவர்களே.

பிராங்கோனியாவின் பல ஊர்களில் விழா ஒரு மரத்தோடு தொடங்குகிறது. காட்டிலிருந்து நெடிய ஊசியிலை மரமொன்றை வெட்டி வந்து, பட்டையை உரித்து, உச்சியில் மட்டும் பசுங்கொத்தை விட்டுவைத்து, பச்சிலை வளையங்கள் கட்டுவார்கள். அதை நிமிர்த்துவதுதான் பெரும்பாடு. இரண்டிரண்டு கழிகளை நுனியில் கத்தரிபோல் பிணைத்து, அந்தக் கவைகளால் மரத்தைத் தாங்கி, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஒரே மூச்சில் தள்ளுவார்கள். ஒரு கை தளர்ந்தாலும் ஆபத்து. இயந்திரம் ஒரு மணித்துளியில் செய்யும் வேலையை இப்படிக் கையால் செய்வதில் அவர்களுக்கு அத்தனை பெருமை. முதல்நாள் இரவு மரத்தைக் காவல் காக்க வேண்டும். அயலூர் இளைஞர் வந்து வெட்டிவிட்டுப் போனால் வருடம் முழுவதும் தலைகாட்ட முடியாது.

வேறு சில ஊர்களில் 'பெட்ஸ்' எனப்படும் செம்மறிக் கடாவுக்காக ஆடுகிறார்கள். ஜோடிகள் மரத்தைச் சுற்றி ஆடிவர, ஒரு பூங்கொத்து கை மாறிக்கொண்டே போகும். எங்கோ மறைத்து வைத்த மணிக்கூடு திடீரென அலறும் வேளையில் கொத்து யார் கையிலோ, அந்த ஜோடிக்கே கடா. அடுத்த நாள் வாத்தியங்களுடன் வீடு வீடாகச் சென்று வாசலில் வாசிப்பார்கள். வீட்டார் பணமோ பானமோ தருவார்கள். அடுக்களையில் கோதுமை மாவைப் பிசைந்து முழங்காலின் மேல் வைத்து இழுத்து, நடுப்பகுதி மெல்லிசாக, விளிம்பு தடிப்பாக, பொரித்து எடுத்துச் சீனி தூவிய பணியாரம் வருவோர்க்கெல்லாம் காத்திருக்கும்.

ரைன் பகுதியிலும் ஹெஸ்ஸனிலும் உள்ள ஊர்களிலே இன்னொரு வேடிக்கை உண்டு. இளைஞன் ஒருவன் நெடுந்தொப்பி அணிந்து, 'திருவிழாப் பாதிரி'யாக உயரத்தில் ஏறிப் பிரசங்கம் செய்வான். வேதம் அல்ல, அந்த ஆண்டில் ஊரில் யார் வழுக்கி விழுந்தார், யாருடைய பசு யாருடைய தோட்டத்துக்குள் போயிற்று, எந்தப் பெரிய மனிதர் எங்கே அசடு வழிந்தார் என்பதெல்லாம் எதுகை மோனையோடு வெளிவரும். கோபிப்பவன் தோற்றவன். விழா முடியும்போது ஒரு வெறும் போத்தலையோ வேறு ஏதாவதொன்றையோ பிரேதம் போலத் தூக்கிச் சென்று, பொய் ஒப்பாரி வைத்து, திருவிழாவையே குழி தோண்டிப் புதைத்துவிடும் ஊர்களும் உண்டு. அடுத்த ஆண்டு அதே குழியைத் தோண்டி எடுப்பார்கள். தேவாலயத்தின் பிரசங்கத்தையும் அடக்கச் சடங்கையும் இப்படிக் கேலி செய்கிறார்களே என்று முதலில் எனக்குத் தோன்றியது. பின்னர் யோசித்துப் பார்த்தேன். நெருங்கிய உறவினரைத்தானே நாம் கேலி செய்கிறோம்!

லிம்மர்ஸ்டோர்ப்புக்கு வருவோம். அங்கே வெட்டிய மரத்தை நடுவதில்லை. உயிருள்ள மரத்தின் மேலேயே ஏறி ஆடுகிறார்கள். 1686ஆம் ஆண்டில் நட்டதாகச் சொல்லப்படும் லிண்டன் மரம் அது. ஜேர்மானிய இலக்கியத்தில் லிண்டனுக்குத் தனியிடம் உண்டு. மத்திய காலக் கவிஞர் வால்ட்டர் பொன் டெர் போகல்வைட, காதலர் சந்தித்த இடமாக அதைப் பாடினார். வில்ஹெல்ம் முல்லரின் லிண்டன் கவிதைக்கு ஷூபேர்ட் 1827இல் இசையமைத்தார். கிராம வாழ்விலோ அது பேசும் மரம்; பல ஊர்களில் அதனடியில் கூடியே வழக்குத் தீர்த்தார்கள்.

லிண்டனின் இளங்கொம்புகள் வளைந்து கொடுக்கும். அவற்றைப் படுக்கையாகப் பிணைத்து, மரச்சட்டங்களில் தாங்கி, ஆண்டுதோறும் கத்தரித்து வந்தால், பல தலைமுறைகளுக்குப் பின் கிளைகள் ஒரு விதானமாக விரியும். அந்தக் கிளைகளினூடே பலகைகள் பரவி ஒரு தளம் அமைப்பார்கள். லிம்மர்ஸ்டோர்ப்பில் அத்தளத்தைச் சுற்றிலும் கற்றூண்கள் தாங்குகின்றன. தரையிலிருந்து சுமார் 4 மீற்றர் உயரம். ஏறுவதற்குப் படிக்கட்டு. தளத்தின் நடுவே மரத்தின் உடல் நிமிர்ந்து நிற்க, ஆடுபவர்கள் அதைச் சுற்றி வருகிறார்கள். சுவர் என்று எதுவுமில்லை, இலைகளே சுவர். 1729ஆம் ஆண்டிலிருந்து இங்கே கிர்ஹ்வை நடந்து வருவதாகக் கூறுகிறார்கள். லூதர் ஒழிக்கச் சொன்ன விழா, லூதரின் வழிவந்த ஒரு கிராமத்திலே, புனித பர்த்தொலொமேயு திருநாளாகிய ஓகஸ்ட் 24ஐ ஒட்டி நடக்கிறது.

நாங்கள் போனபோது வாத்தியங்கள் முன்செல்ல, ஊர் இளைஞர்கள் தத்தம் ஜோடிப் பெண்களை வீடுகளிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். இவர்களை 'பிளாட்ஸ்' இளைஞர், 'பிளாட்ஸ்' பெண்கள் என்பர். களத்துக்கு உரியவர்கள் என்று பொருள். முதல் நடனம் இவர்களுக்கே உரியது. படியேறி மேலே சென்றதும் கீழே நின்ற எங்களுக்குத் தெரிந்தவை இலைகளுக்கிடையே சுழலும் பாவாடை ஓரங்களும், பலகையைத் தட்டும் பாதங்களும் மட்டுமே. வால்ஸ், ஷொட்டிஷ் என்று நடனம் மாற மாற, மரமே தாளம் போடுவது போலிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கிராமிய விழா என்றாலே ஜேர்மனியில் அந்தச் சந்தேகம் நியாயமானது. 1933 முதல் 1937 வரை ஹிட்லரின் ஆட்சி பூக்கெபேர்க் குன்றில் அறுவடை விழாக்களை நடத்தியது. பாரம்பரிய உடை தரித்த கிராமத்தவர் இலட்சக்கணக்கான மக்களின் முன்னே அணிவகுத்தனர். மக்களின் விழா அரசின் காட்சிப் பொருளாயிற்று. போருக்குப் பின்னர் நாட்டார் வழக்கு என்ற சொல்லைக் கேட்டாலே பல அறிஞர்கள் தயங்கினார்கள். ஹேர்மன் பவுசிங்கர் 1961இல் எழுதிய நூலில், நாட்டார் பண்பாடு இயந்திர யுகத்துக்கு வெளியே தூய்மையாக நிற்கும் ஒன்றல்ல என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு ஹான்ஸ் மோசர், பார்வையாளருக்காகவே அரங்கேற்றப்படும் மரபைக் குறிக்க 'போக்லோரிஸ்முஸ்' என்ற சொல்லை ஆய்வுலகில் பரவச் செய்தார். லிம்மர்ஸ்டோர்ப் விழாவும் 2014 டிசெம்பரில் ஜேர்மனியின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அப்பட்டியலில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 27 மரபுகளில் அதுவும் ஒன்று. பட்டியலில் ஏறிய பின் புகைப்படக்காரர் வருவார்கள். புகைப்படக்காரர் வந்தால் ஆடுபவர் கமராவைப் பார்ப்பார்கள். இதுவும் அப்படி ஆகிவிட்டதோ?

இந்த யோசனையோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த போதுதான் பக்கத்திலிருந்த மூதாட்டி நண்பரிடம் ஏதோ கேட்டார். "இவர் ஏன் ஆடவில்லை என்று கேட்கிறா" என்றார் நண்பர். பார்ப்பதற்காக வந்தேன் என்று சொல்லும்படி கூறினேன். மூதாட்டி சிரித்தார். பார்ப்பதற்கு வீட்டிலே தொலைக்காட்சி இருக்கிறதே, அதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்றார். பிறகு மேலே கையைக் காட்டித் தம் கதையைச் சொன்னார். மணமாகு முன்பு அவரும் அந்தத் தளத்தில் ஆடியவராம். அவருடைய மகளும் ஆடினாளாம். இன்று பேத்தி மேலே இருக்கிறாள். இப்போது இளைஞர் பலர் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். என்றாலும் இந்த நாட்களுக்கு விடுமுறை கேட்டு வந்துவிடுகிறார்கள். "ஜோடிகள் சேராத வருடம் வந்தால் மரம் மட்டும் நிற்கும்" என்று அவர் சொன்னதாக நண்பர் மொழிபெயர்த்தார்.

என் சந்தேகத்துக்கு விடை அதில் இருந்தது. பட்டியலும் நூதனசாலையும் மரத்தைக் காக்கலாம். படியேறுவதற்கு ஆள் தர அவற்றால் முடியாது. ஊரில் பிறந்த பிள்ளைகள் கூச்சத்தை விட்டு, ஊரார் பார்க்க, ஒருவர் கையை ஒருவர் பற்றி அந்தப் படிகளில் ஏறுகிறவரை அது அவர்களுடைய விழா. அவர்கள் கீழே நின்று, கூலிக்கு வந்தவர்கள் மேலே ஆடத் தொடங்கும் அன்றைக்கு, ஒரு பலகையும் மாறாமலே அது காட்சிப் பொருளாகிவிடும். லூதர் கண்டித்தது அதிகப்படியான ஆட்டத்தை. இன்றைய ஆபத்து, ஆடுவதற்கு ஆளில்லாமற் போவது.

பிற்பகலில், களத்துக்கு உரியவர்களின் ஆட்டம் முடிந்து மற்றவர்களும் ஏறத் தொடங்கினார்கள். நண்பர் என்னைத் தள்ளாத குறையாக மேலே கொண்டுபோனார். எனக்கு வால்ஸ் தெரியாது. மூதாட்டியின் பேத்தி பொறுமையாக என் கையைப் பிடித்து, மரத்தைச் சுற்றி இரண்டு தரம் அழைத்துச் சென்றாள். என் கால்கள் எத்தனை தரம் அவள் கால்களை மிதித்தன என்று கணக்கெடுக்கவில்லை. மேலே, இலைகளின் நடுவே, பச்சை வெளிச்சம். பலகை மெல்ல அதிர்கிறது. மரத்தின் உடலில் கை வைத்தால் அங்கும் அந்த அதிர்வு தெரிகிறது. இலைகளை விலக்கிப் பார்த்தேன். கீழே வாங்கில் மூதாட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் விட்டுவந்த குறிப்பேடு கிடந்தது.

அப்போது சகேயுவை நினைத்துக்கொண்டேன். அவனும் பார்ப்பதற்காகத்தான் மரத்தில் ஏறினான். இறங்கும்போது அவன் வீட்டில் விருந்து காத்திருந்தது. நானும் இறங்கி வந்தபோது, மூதாட்டி சீனி தூவிய பணியாரமொன்றைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தார். நூரன்பேர்க் திரும்பும் வழியில் அதைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தேன். குறிப்பேட்டில் அன்று அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.